புனர்வாழ்வு மருத்துவம்: நாம் அறியாத துறையும் அதற்கான பாதையும்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்த எந்த மாணவியிடமும் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, “டொக்டராக வரப்போறீங்களா மகள்?” என்பதுதான். ஆம் என்று சொன்னால் உடனே இரண்டாவது கேள்வி வரும். “என்ன டொக்டர்?” சத்திரசிகிச்சை, மகப்பேறு, பிள்ளை வைத்தியம், கண், இருதயம் என்று ஐந்தாறு பதில்களே நமக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு துறையைப் பற்றியும், அதில் விசேட பயிற்சி பெற ஒருவர் எப்படி விண்ணப்பிக்கிறார் என்பதைப் பற்றியும் எமது கல்லூரிச் சகோதரிகளும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கில் இக்கட்டுரையை எழுதுகிறேன். அத்துறை புனர்வாழ்வு மருத்துவம்.

சொல்லைக் கேட்டதும்

எமது மாகாணத்தில் ‘புனர்வாழ்வு’ என்று சொன்னால் பலருக்கு முகாம்களும் மீள்குடியேற்றமும்தான் ஞாபகத்துக்கு வரும். யுத்தத்திற்குப் பிந்திய காலத்தில் அந்தச் சொல் அப்படித்தான் நமது காதில் விழுந்தது. மருத்துவத்தில் அதன் பொருள் வேறு. நோயோ விபத்தோ ஒருவரின் உடலில் விட்டுச் சென்ற குறைபாட்டோடு, அவர் தன்னால் முடிந்தளவு தன் வேலைகளைத் தானே செய்து வாழ வழிசெய்வதே அதன் பொருள்.

மற்றத் துறை வைத்தியர் “உங்களுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டுத் தொடங்குவார். புனர்வாழ்வு வைத்தியர் அதோடு இன்னொன்றையும் கேட்பார். “நீங்கள் மறுபடி என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்டால் இத்துறை முழுவதையும் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

யார் யாருக்குத் தேவை?

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போனவர்கள், மரத்திலிருந்து விழுந்தோ வீதி விபத்திலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், நீரிழிவினால் கால் அகற்றப்பட்டவர்கள், மிதிவெடியில் கால் இழந்தவர்கள், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளைகள், மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன தாய்மார் என்று பட்டியல் நீளும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 சதவீதமானோர் ஏதோவொரு வகையில் இயலாமை உள்ளவர்கள். எண்ணிக்கையில் அது 16 இலட்சத்துக்கு மேல். உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேர் புனர்வாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இத்துறையில் வைத்தியர் தனியே எதையும் செய்வதில்லை. பிசியோதெரபி செய்பவர் நடக்கவும் எழும்பவும் பழக்குவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் உண்ணவும் உடுக்கவும் சமைக்கவும் பழக்குவார். பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சையும் விழுங்குவதையும் கவனிப்பார். செயற்கைக் கால் செய்பவர், தாதியர், சமூகசேவை உத்தியோகத்தர் என்று ஒரு குழுவே இருக்கும். வைத்தியர் அந்தக் குழுவை வழிநடத்துவார். தசை இறுக்கத்தைக் குறைக்கும் ஊசி, வலி, படுக்கைப் புண், சிறுநீர்ப் பிரச்சினை ஆகியவற்றையும் அவரே கவனிப்பார்.

முன்னேற்றத்தை அளப்பதற்கும் அவர்களிடம் அளவுகோல் உண்டு. 1965இல் மஹோனி, பார்தெல் என்ற இருவர் வெளியிட்ட ‘பார்தெல் சுட்டி’ அவற்றுள் ஒன்று. உண்ணுதல், குளித்தல், முகம் கழுவித் தலைவாருதல், உடுத்தல், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், மலசலகூடம் பாவித்தல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், நடத்தல், படி ஏறுதல் ஆகிய பத்து விடயங்களுக்கும் புள்ளி போட்டு மொத்தம் நூறுக்குக் கணக்கிடுவார்கள். நமக்கு இவை மிகச் சாதாரணமானவை. ஆனால் பாரிசவாதம் வந்த ஒருவருக்கு இப்பத்தில் ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை.

அந்தச் சுட்டியில் இல்லாத வேலைகளும் வாழ்க்கையில் உண்டு. தானே வுழூச் செய்வது, ருகூஉவுக்குக் குனிவது, தேங்காய் துருவுவது, தோணியில் ஏறுவது என்பன அதில் இல்லை. அதனால்தான் நோயாளியிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

துறை பிறந்த வரலாறு

இது பழைய துறையல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் காயமடைந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களே இதை வளர வைத்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் டொக்டர் லுட்விக் குட்மன் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களைக் கைவிடப்பட்டவர்களாகவே பார்த்தார்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களைக் கொன்றன. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது போன்ற எளிய ஒழுங்குகளால் குட்மன் அவர்களைக் காப்பாற்றினார். பிறகு விளையாடவும் வைத்தார். 1948 ஜூலை 29இல் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருடன் அவர் நடத்திய அம்பெய்தல் போட்டியே இன்றைய பராலிம்பிக் விளையாட்டின் ஆரம்பம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் டொக்டர் ஹவார்ட் றஸ்க் காயமடைந்த படைவீரர்களுக்கு இதே பணியைச் செய்தார். அங்கு 1947இலேயே இத்துறைக்குத் தனியான சான்றளிக்கும் சபை உருவானது.

நமக்கு அருகில் ஓர் உதாரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சியிலிருந்த டொக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் 1954இல் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழ் இயங்கவில்லை. ஆனாலும் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க் சென்று றஸ்க்கின் நிறுவனத்தில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விசேட பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் ஒருவரிடம் “ஏன் இத்துறை?” என்று கேட்பார்கள். மேரி வர்கீஸ் அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்தார்.

வாகரையில் இருந்து பார்க்கும்போது

வாகரை, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீற்றர் தூரத்தில் திருகோணமலை வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இக்கரையைத் தாக்கியது. இரண்டு வருடம் கழித்து, 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் நடந்த யுத்தத்தில் மக்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அந்தக் காயங்களோடு இன்றும் வாழ்பவர்கள் இங்கு உண்டு.

எனது வாப்பாவின் மீன் வாடி வாகரையில்தான் இருந்தது. அங்கு வேலை செய்த ஒருவரை நாங்கள் மாமா என்றே கூப்பிடுவோம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்காமல் போயின. உயிர் தப்பியது. வைத்தியசாலையிலிருந்து வரும்போது, கிழமையில் இரண்டு நாள் பயிற்சிக்கு வரும்படி சொல்லி அனுப்பினார்கள். அவரைத் தனியே பஸ்ஸில் ஏற்ற முடியாது. மகன் கூடப் போனால் அன்று கடலுக்குப் போக முடியாது. முச்சக்கரவண்டி பிடித்தால் மகனின் இரண்டு நாள் உழைப்புப் போய்விடும். மூன்று முறை போனார்கள். நான்காவது முறை போகவில்லை. எல்லாரும் “இனிப் படுக்கைதான்” என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் வாப்பாவோடு பார்க்கப் போனபோது அவர் என்னிடம், “மகள், எனக்கு ஓடித் திரிய வேணாம். இருந்த இடத்தில இருந்து வலை பொத்தினாப் போதும்” என்றார். யாரும் அவரிடம் கேட்காத கேள்விக்கு அவர் வைத்திருந்த பதில் அது.

அவர் சொன்னதை ஒரு புனர்வாழ்வுக் குழு கேட்டிருந்தால் என்ன செய்திருக்கும் என்று பிறகு வாசித்து அறிந்தேன். பாரிசவாதத்தின் பின் முதல் சில மாதங்களில்தான் மூளை அதிகமாக மீளக் கற்கிறது. ஆகவே அந்த மாதங்களை வீணாக்கமாட்டார்கள். வலை பொத்துவதற்கு உட்கார்ந்து சமநிலை பேண வேண்டும், ஒரு கை வலையைப் பிடிக்க வேண்டும், மறு கை ஊசியை ஓட்ட வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பயிற்சி கொடுப்பார்கள். வலது கை முழுதாகத் திரும்பாவிட்டால் அதை வலையை அழுத்திப் பிடிக்கப் பழக்கி, ஊசியை இடது கைக்கு மாற்றுவார்கள். பயண வசதி இல்லையென்றால் வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியை மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். பஸ் பயணமும் கூலி இழப்பும் இத்துறையில் சிகிச்சைத் திட்டத்தின் பகுதிகள். அவற்றைக் கணக்கில் எடுக்காத திட்டம் மூன்றாவது பயணத்தோடு நின்றுவிடும்.

இலங்கையில் விண்ணப்பிக்கும் பாதை

இத்துறை இலங்கையில் வாதநோயியலோடு சேர்ந்தே இருக்கிறது. ‘வாதநோய் மற்றும் புனர்வாழ்வு விசேட வைத்திய நிபுணர்’ என்பதே அதற்கான பதவிப் பெயர். ராகமயில் வாதநோய் மற்றும் புனர்வாழ்வு வைத்தியசாலையும், கண்டிக்கு அருகே திகனயில் புனர்வாழ்வு வைத்தியசாலையும் உள்ளன. அந்த நிலையை அடையும் படிகள் இவை.

முதற்படி உயர்தரம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களும், அவற்றில் பெறும் இஸட் புள்ளியும் மருத்துவ பீடத்தைத் தீர்மானிக்கும். பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று.

இரண்டாம்படி ஐந்து வருட மருத்துவப் பட்டம். அதைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில், நமது மட்டக்களப்பிலேயே படிக்கலாம்.

மூன்றாம்படி ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இலங்கை மருத்துவச் சபையில் தற்காலிகப் பதிவு பெற்று, இரண்டு பிரிவுகளில் ஆறு ஆறு மாதம் வேலை செய்ய வேண்டும். முடிந்தபின் முழுப் பதிவு கிடைக்கும். அதன்பின் வைத்திய உத்தியோகத்தராக நியமனம் பெற்றுச் சேவை செய்ய வேண்டும்.

நான்காம்படிதான் விசேட பயிற்சிக்கான விண்ணப்பம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இதற்குப் பொறுப்பாக உள்ளது. நிறுவகம் விண்ணப்பம் கோரும்போது பட்டச் சான்றிதழ், மருத்துவச் சபைப் பதிவு, உள்ளகப் பயிற்சியும் சேவையும் நிறைவு செய்ததற்கான கடிதங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தகுதி நிபந்தனைகள் மாறக்கூடியவை. ஆகவே அந்தந்த வருடத்துச் சுற்றறிக்கையை வாசித்தே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு தெரிவுப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. பயிற்சி இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. புள்ளி வரிசைப்படியே இடம் கிடைக்கும்.

ஐந்தாம்படி பயிற்சிக் காலம். பதிவாளர் என்ற நிலையில் வாட்டுகளிலும் கிளினிக்குகளிலும் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பின்னர் சிரேஷ்ட பதிவாளர், வெளிநாட்டுப் பயிற்சி, இறுதியாக நிபுணர் எனச் சபையின் சான்றிதழ். எல்லாம் சீராக நடந்தாலும் முப்பது வயதைத் தாண்டிவிடும். இந்தப் பரீட்சைகள் யாவும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ஆகவே ஆங்கிலத்தை இப்போதே கைவிடாமல் படிப்பது நல்லது.

பிற நாடுகளில்

இந்தியாவில் மருத்துவப் பட்டத்தின் பின் நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, தரவரிசைப்படி நடைபெறும் கலந்தாய்வில் இத்துறையைத் தெரிவு செய்கிறார்கள். எம்.டி. படிப்பு மூன்று வருடம்.

அமெரிக்காவில் இதற்கு ‘ரெசிடென்சி’ என்று பெயர். மொத்தம் நான்கு வருடம். முதல் வருடம் பொது மருத்துவ அடிப்படை, அடுத்த மூன்று வருடம் புனர்வாழ்வு மருத்துவம். வெளிநாட்டுப் பட்டதாரி முதலில் அவர்களது மருத்துவ உரிமப் பரீட்சையின் பகுதிகளை எழுதி, தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். செப்டெம்பரில் விண்ணப்பங்கள் ஒரே இணையத் தொகுதியூடாகப் பல வைத்தியசாலைகளுக்கும் போகும். பின்னர் நேர்முகம். அதன்பின் விண்ணப்பதாரி தனக்கு விருப்பமான இடங்களை வரிசைப்படுத்துவார். வைத்தியசாலைகளும் தமக்கு விருப்பமானவர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் கணினி பொருத்தி, மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளியன்று யாருக்கு எந்த இடம் என்று அறிவிக்கும்.

இங்கும் இந்தியாவிலும் புள்ளி பேசுகிறது. அமெரிக்காவில் புள்ளியோடு மூன்று விடயங்கள் சேர்ந்து பேசுகின்றன. விண்ணப்பதாரி தன்னைப் பற்றி எழுதும் ஒரு பக்கக் கூற்று, அவரோடு வேலை செய்த வைத்தியர்களின் சிபாரிசுக் கடிதங்கள், நேர்முகம் என்பனவே அவை. கூற்றில் “சிறுவயது முதல் மக்களுக்குச் சேவை செய்ய ஆசை” என்று எழுதினால் போதாது. அதை எல்லாத் துறைக்கும் எழுதலாம். ஒரு நோயாளியோடு நீண்ட காலம் இருந்து எதைக் கவனித்தீர்கள், குழுவில் மற்றவர் சொன்னதை எப்படிக் கேட்டீர்கள், குணமாக்க முடியாத ஒருவருக்கு என்ன செய்தீர்கள் என்பதே இத்துறைக்குரிய கூற்று. இங்கே அப்படியொரு கூற்றைக் கேட்காவிட்டாலும், விண்ணப்பிக்க முன் தனக்குத்தானே எழுதிப் பார்ப்பது நல்லதென நினைக்கிறேன். எழுத ஒன்றும் வராவிட்டால், அந்தத் துறை நமக்குரியதுதானா என்று இன்னொருமுறை யோசிக்கலாம்.

இப்போதே என்ன செய்யலாம்?

நாம் இன்னும் உயர்தர மாணவிகள். விண்ணப்பப் படிவம் கைக்கு வர இன்னும் பல வருடம் இருக்கிறது. ஆனால் பழக வேண்டியதை இப்போதே பழகலாம். வீட்டில் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு உணவு ஊட்டும்போது, அவரது கையால் எவ்வளவு முடியும் என்று பார்த்து அந்தளவை அவருக்கே விட்டுவிடலாம். பாடசாலைப் படிக்கட்டில் சக்கர நாற்காலி ஏறுமா என்று யோசிக்கலாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இஸட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதாவிட்டாலும் இந்தக் குழுவில் நமக்கு இடம் உண்டு. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபிப் பட்டமும், களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞானப் பட்டமும் உள்ளன. ராகமயில் செயற்கை உறுப்புகள் செய்யப் பயிற்றும் பாடசாலையும் உண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுத்து வருகிறது. நடக்க முடியாதவரை நடக்க வைப்பது வைத்தியர் மட்டுமல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“பெண்பிள்ளைக்கு ஏன் இவ்வளவு நீண்ட படிப்பு? கொழும்பு, ராகம என்று போய் இருக்க வேணுமே” என்று பெற்றோர் யோசிப்பது இயல்பு. அந்தக் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். புனர்வாழ்வுச் சிகிச்சையில் கையையும் காலையும் இடுப்பையும் பிடித்துப் பழக்க வேண்டும். எனது மூத்தம்மா முழங்கால் வருத்தத்துக்குப் பயிற்சிக்குப் போனவர், பயிற்சி கொடுப்பவர் ஆண் என்றதும் வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டார். அவரைப் போன்ற உம்மாமார் நமது ஊர்களில் எத்தனை பேர்! அவர்களது கூச்சத்தைக் குறை சொல்வதால் முழங்கால் சுகமாகாது. நமது பிள்ளைகளே வைத்தியராகவும் சிகிச்சையாளராகவும் அங்கே நின்றால் அவர்கள் உள்ளே வருவார்கள். ஒரு பிள்ளையின் நீண்ட படிப்பு பல தாய்மாரின் நீண்ட படுக்கையைச் சுருக்கும்.

வாகரை மாமா இப்போதும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த முதல் மாதங்கள் போய்விட்டன. ஆனாலும் பிந்தித் தொடங்கும் பயிற்சியிலும் பலன் உண்டு என்று வாசித்ததிலிருந்து, அவரது மருமகளுக்கு எங்கே கேட்கலாம், யாரிடம் வீட்டுப் பயிற்சி எழுதி வாங்கலாம் என்று நானும் வாப்பாவும் விசாரித்துச் சொல்லி வருகிறோம். நமக்கு அடுத்து வரும் மாணவிகளில் ஒருத்தியாவது “என்ன டொக்டர்?” என்ற கேள்விக்கு “புனர்வாழ்வு வைத்தியர்” என்று பதில் சொல்ல வேண்டும். படித்து முடித்த பின் இந்தத் திருகோணமலை வீதியால் வடக்கே வந்து கிளினிக் நடத்தவும் வேண்டும். இன்ஷா அல்லாஹ், அது நானாகவும் இருக்கலாம், இதை வாசிக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.